ஜெகதீசனின் இடது பக்கத்து ஹெர்னியா

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் அதை இப்போதே எடுத்து நீட்டிவிட்டால் மீதியை யார் படிப்பது? அதனால் அது கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அதுவரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு வாருங்கள். ஏனென்றால் வழி நெடுக ஒரு மனுஷர் நிஜமாகவே அழுதுகொண்டு இருப்பார். அவர் எதிரில் சிரித்தால் நன்றாக இருக்காது.

அந்த மனுஷர் பெயர் ஜெகதீசன். வயது ஐம்பத்து மூன்று. அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் மாடி வீடு. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஹைட்ராலிக் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்தேழு வருஷமாகச் சோதனைப் பிரிவு. பம்ப்பில் எண்ணெய் நிரப்புவார். அழுத்தம் ஏற்றுவார். பத்து நிமிஷம் கண் இமைக்காமல் பார்ப்பார். ஒரே ஒரு சொட்டு எட்டிப் பார்த்தாலும் போச்சு, சிவப்பு பெயிண்டில் பிரஷ்ஷைத் தோய்த்து ஒரு கோடு. அதோடு அந்தப் பம்ப்பின் ஜாதகம் முடிந்தது.

இரண்டு வருஷமாக அந்தச் சிவப்புக் கோடு தன் மேலேயே விழுந்துவிட்டதாக ஜெகதீசன் நம்பிக்கொண்டிருந்தார். சர்க்கரை நோய் பத்து வருஷமாக உண்டு. அது முதலில் கால் விரலை மரத்துப்போக வைத்தது. பிறகு கண்ணாடியின் பவரை ஏற்றியது. கடைசியில் படுக்கையறைக்குள் வந்து கை வைத்தது. ஆண்மைக் குறைவு என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்களே, அதேதான். சின்ன வயசில் அந்த நோட்டீஸைப் படித்துக் கூட்டாளிகளோடு விழுந்து விழுந்து சிரித்தவர் அவர். இப்போது அந்தச் சுவர் வந்தால் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

மனைவி வேம்புலியிடம் சொல்லவில்லை. முதுகு வலி என்று சொல்லிவிட்டு ஹாலில் டிவி முன்னால் பாயைப் போட்டார். டிவி ஓடும். அவர் பார்க்க மாட்டார். காலையில் வேம்புலி வந்து பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்துவாள். ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அவள் கேட்காதது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. கேட்டிருந்தால் அதைவிடப் பெரிய தண்டனையாக இருந்திருக்கும்.

இப்படியே போனால் செத்துவிடலாம் என்று தோன்றிய ஒரு நாளில்தான் அவர் போனில் அந்தச் செய்தியைப் படித்தார். உறுப்புக்குள் ஒரு கருவியை வைத்துத் தைத்துவிடுவார்களாம். வேண்டும்போது அழுத்தினால் போதுமாம். ஜெகதீசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நிமிர்ந்தது அவர் முதுகுதான்.

அம்பத்தூரில் டாக்டரைப் பார்த்தால் யார் கண்ணிலாவது பட்டுவிடும். அதனால் இரண்டு பஸ் மாறி, தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு, குமணன்சாவடியில் டாக்டர் ரவிச்சந்திரனிடம் போனார்.

லிஃப்ட்டுக்குள் ஒரு குரல் மாடி எண் சொல்லுமே, டாக்டருக்கு அந்தக் குரல். நல்ல செய்தி, கெட்ட செய்தி எல்லாம் ஒரே சுருதி. மேஜை மேல் கருவியின் மாதிரி ஒன்று இருந்தது. இரண்டு மெல்லிய குழாய்கள், விதைப்பைக்குள் வைக்கும் குட்டி பம்ப், அடிவயிற்றுக்குள் வைக்கும் உப்புத் தண்ணீர்ப் பை. பம்ப்பை அழுத்தினால் பையில் இருக்கும் தண்ணீர் குழாய்க்கு ஏறும். அவ்வளவுதான் விஷயம்.

ஜெகதீசனின் கை தானாக நீண்டது. எடுத்தார். அழுத்தினார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார் பார்க்கிறீங்க?" என்றார் டாக்டர்.

"கசியுதான்னு பாக்கறேன் சார். பத்து நிமிசம் ஆவும்."

டாக்டர் அதை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, சிக்கல்களைச் சொல்ல ஆரம்பித்தார். கிருமித் தொற்று வரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். வந்தால் மொத்தக் கருவியையும் கழற்றி எடுக்க வேண்டியிருக்கும். கழற்றினால் பழைய நிலைமைக்குப் போகலாமா என்றால், முடியாது. ஒருமுறை வைத்துவிட்டால் இயற்கையாக மிச்சம் இருக்கும் கொஞ்ச நஞ்சமும் திரும்பாது. சில பேருக்குத் தோல் மெலிந்து கருவி வெளியே துருத்தும். நீளம் முன்னைவிடக் குறைந்துபோன மாதிரி தோன்றும். வீக்கமும் வலியும் வாரக்கணக்கில் இருக்கும், ஆறு வாரம் பாரம் தூக்கக்கூடாது. பத்துப் பதினைந்து வருஷத்தில் கருவி பழுதாகலாம், உள்ளேயே கசியலாம், அப்போது இன்னொரு ஆபரேஷன்.

கசியலாம் என்ற வார்த்தையில் ஜெகதீசனின் முகம் வெளுத்தது. ஆயுள் முழுக்க எந்த எதிரியோடு மல்லுக்கட்டினாரோ, அவனைக் கூப்பிட்டு வயிற்றுக்குள் குடிவைக்கச் சொல்கிறார்கள்.

"எட்டாவதா ஒண்ணு இருக்கு" என்றார் டாக்டர். "எல்லாம் சரியா வேலை செஞ்சாலும் சில பேருக்கு மனசு ஒட்டாது. முக்கியமா, வீட்டுல பேசாம வந்து செஞ்சுக்கிட்டவங்களுக்கு. இது கடைசிப் படி சார். நீங்க முதல் படியிலேயே கால் வைக்கல. சர்க்கரையைக் குறைக்கலாம். மாத்திரை இருக்கு. அதுக்கப்புறமும் வழி இருக்கு."

மாத்திரை வேண்டாம் என்று ஜெகதீசன் தீர்மானமாகச் சொன்னார். அதற்கு அவரிடம் ஒரு பெரிய தர்க்கம் இருந்தது. மாத்திரை என்றால் வீட்டில் எங்காவது வைக்க வேண்டும். டிராயரில் வைத்தால் வேம்புலி கண்டுபிடிப்பாள். சட்டைப் பையில் வைத்தால் துவைக்கும்போது கண்டுபிடிப்பாள். உடம்புக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டால் யார் கண்டுபிடிப்பது?

உலகத்திலேயே அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் யார் என்பதை அவர் அந்த நிமிஷத்தில் யோசிக்கவில்லை.

மூன்று வாரம் தள்ளி ஒரு நாள் குறிக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் அதற்குள் சர்க்கரை இறங்கியிருக்க வேண்டும், மனைவியும் வந்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், இரண்டில் ஒன்று குறைந்தாலும் தள்ளிப்போடுவேன் என்றார். அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று ஜெகதீசன் தலையாட்டினார். அன்றைக்குப் பார்த்து அவள் ஊருக்குப் போய்விட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

வெளியே வந்ததும் நர்ஸ் ஆக்னஸ் ஒரு படிவத்தைக் கொடுத்தாள். இங்கேதான் இருபத்தேழு வருஷ சர்வீஸ் அவரைக் கவிழ்த்தது. சோதனைப் பிரிவில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் ஆடிட்டில் கழுத்தறுத்துவிடுவார்கள். காலிக் கட்டத்தைப் பார்த்தாலே ஜெகதீசனின் பேனா தானாக இறங்கிவிடும். எல்லாவற்றையும் நிரப்பினார். மனைவி பெயர், வேம்புலி. மனைவியின் செல்போன் எண், பத்து எண்களையும் கட்டத்துக்கு ஒன்றாக அச்சு மாதிரி எழுதினார். 'சிகிச்சை பற்றி மனைவியிடம் பேசலாமா? ஆம், இல்லை. இல்லை என்றால் காரணம் எழுதுக' என்று ஒரு வரி இருந்தது. காரணம் எழுத இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். ஐந்து நிமிஷம் யோசித்தும் காரணம் கிடைக்கவில்லை. காலியாக விடவும் மனசு வரவில்லை. 'ஆம்' என்பதில் டிக் அடித்துவிட்டுத் திருப்தியோடு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை பத்தே காலுக்கு வேம்புலியின் போன் அடித்தது. இருபது நிமிஷம் பேசினாள். அந்த இருபது நிமிஷமும் அடுப்பு மேடையில் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஜெகதீசன் வீட்டுக்கு வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவர் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"வேம்பு, ஒரு சின்ன ஆப்ரேசன் கீது."

"எங்க?"

"குமணன்சாவடில."

"ஒடம்புல எங்கன்னு கேட்டேன்யா."

"ஹெர்னியா. இங்க." நெஞ்சிலிருந்து முழங்கால் வரைக்கும் கையால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.

"எந்தப் பக்கம்?"

"இடது."

"கை வலது பக்கம் போவுது."

"அது... வலதுலேர்ந்து இடதுக்கு போய்கினு கீது."

வேம்புலி ஒரு பூண்டுப் பல்லை உரித்து முடிக்கும் வரைக்கும் அவரையே பார்த்தாள். "வேற ஒண்ணும் சொல்லணுமா?" என்றாள்.

"வேற இன்னா? ஒண்ணுமில்ல."

"சரி. ஹெர்னியான்னா சும்மாவா. நாலு பேர வெச்சிகினுதான் செய்யணும்."

நாலு பேர் என்றதும் ஜெகதீசன் மனசுக்குள் பட்டியலைப் புரட்டினார். டாக்டர் சொன்ன எட்டுச் சிக்கலில் நாலு பேர் இல்லை.

முதல் ஆள் மறுநாளே வந்தான், வேம்புலியின் வாய் வார்த்தையில். வேம்புலியின் தம்பி தேவா ஆவடியில் ஒரு நர்சிங் ஹோமில் வார்டு வேலை பார்க்கிறவன். அவன் நாலு நாள் லீவு போட்டுவிட்டானாம். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வானாம். துணி மாற்றுவது, கட்டுப் பிரிப்பது, மருந்து போடுவது எல்லாம் அவன்தானாம், மாமா மேல் வேறு யாரும் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டானாம். ஜெகதீசன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோதுமை தோசையைத் தட்டோடு தள்ளி வைத்தார். தேவா வேலையில் கெட்டிக்காரன். ஹெர்னியாவுக்கு எங்கே தைப்பார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவான்.

இரண்டாவது ஆள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பச்சையப்பன். அவனுக்குப் போன வருஷம் இதே ஹெர்னியாதானாம். தையல் எத்தனை, யாருக்கு நீளம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறானாம். அன்றிலிருந்து ஜெகதீசன் தெருமுனை வழியாகப் போவதையே நிறுத்தினார். ஒரு நாள் தப்ப முடியாமல் மாட்டிக்கொண்டபோது பச்சையப்பன் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, நல்லா கீறியா?" என்று மட்டும்தான் கேட்டான். அவன் பார்வை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே ஜெகதீசன் டிபன் பையை முன்னால் பிடித்துக்கொண்டு ஓடினார்.

மூன்றாவது, சென்னீர்குப்பத்து அத்தை. ஜெகதீசனின் சொந்த அப்பாவோடு பிறந்தவள். யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு முதல் ஆளாக நிற்பாள். தையலைக் கண்ணால் பார்க்காமல் கிளம்ப மாட்டாள். உறவுக்காரப் பையன் ஒருவனுக்குக் குடல்வால் எடுத்தபோது, அவன் கெஞ்சக் கெஞ்சப் போர்வையை முழுசாகத் தூக்கி, "இத்தினியூண்டுதானா?" என்று கேட்டுவிட்டு வந்தவள். அவள் தையலைக் கேட்டாளா வேறு எதைக் கேட்டாளா என்று தெரியாமல் அவன் இன்று வரைக்கும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அந்த அத்தை தனியாக இல்லை, மினி வேன் பிடித்து ஆட்களோடு வருகிறாளாம்.

ஜெகதீசன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி காகிதம் ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டார். என்னென்ன கோளாறு வரலாம், அதன் தீவிரம் பத்துக்கு எத்தனை. கிருமித் தொற்று, ஒன்பது. கசிவு, எட்டு. தோலை விட்டு வெளியே வருவது, ஒன்பது. தேவா, ஒன்பதரை. அத்தை, பத்து. டாக்டரின் சிக்கல்களுக்காவது மருந்து இருந்தது.

அன்று பிற்பகல் ஒரு பம்ப்பைச் சோதித்துக்கொண்டிருந்தார். எட்டாவது நிமிஷம் வரைக்கும் ஒன்றுமில்லை. ஒன்பதாவது நிமிஷத்தில் ஓரத்தில் ஒரு சொட்டு, மெதுவாக, கூச்சத்தோடு எட்டிப் பார்த்தது. பிரஷ்ஷை எடுத்தார். கை எழவில்லை. வெளியே பார்த்தால் புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது அந்தப் பம்ப். உள்ளே எங்கேயோ ஒரு சின்ன வளையம் சோர்ந்துபோயிருக்கிறது, அதற்காக அதை மூலையில் எறிய வேண்டுமா? ஜெகதீசன் அதைத் துணியால் துடைத்தார். மறுபடி கசிந்தது. மறுபடி துடைத்தார். அப்படியே பெஞ்ச்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுச் சிவப்புக் கோடு போட்டார். தொழில் தொழில்தானே.

வீட்டுக்குப் போனால் வேம்புலி நெற்றி நிறையக் குங்குமத்தோடு இருந்தாள்.

"அம்மன் கோயிலுக்கு போய் வந்தேன்யா. ஆப்ரேசன் நல்லபடியா முடிஞ்சா, திருவிழால நீ கோயில சுத்தி உருளறதா வேண்டிகினேன்."

"திருவிழா எப்ப?"

"நீ ஆப்ரேசன் பண்ணிகினு சரியா நாலாவது வாரம்."

ஜெகதீசனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. விதைப்பையில் பம்ப், வயிற்றில் தண்ணீர்ப் பை, இடுப்பில் ஈர வேட்டி, சுடுகிற சிமெண்ட்டுத் தரை, சுற்றிலும் கள்ளிக்குப்பத்து ஜனம், பின்னால் உடுக்கை. உருளும்போது எந்தப் பக்கம் அழுந்தும், அழுந்தினால் என்ன எழும்பும், எழும்பினால் யார் யார் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

மொட்டை மாடிக்குப் போய் ஆக்னஸுக்குப் போன் போட்டார். நாலாவது வாரத்தில் உருளலாமா என்று கேட்டார்.

"சார், எதுல உருளணும்?"

"தரைலம்மா."

ஆக்னஸ் இருமலை அடக்குகிற மாதிரி ஒரு குரலில், டாக்டரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இந்த மூன்று வாரத்தில் ஜெகதீசன் சர்க்கரை இல்லாத டீ குடித்தார். சாயங்காலம் அம்பத்தூர் ஏரிப் பக்கம் நடந்தார். வேம்புலி பாகற்காயை விதவிதமாகச் சமைத்துப் போட்டாள், அவர் மறுபேச்சில்லாமல் தின்றார். உடம்பு இளைத்தது. சர்க்கரையும் இறங்கியது. ஆனால் எந்த நேரமும் போர்வையை யாரோ தூக்குகிற மாதிரியே இருந்தது.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் உடைந்தார். மத்தியானமே லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சமையல்கட்டு வாசலில் நின்றார்.

"வேம்பு, ஆப்ரேசன் வேணாம்."

"ஏன்யா?"

"ஹெர்னியா போய்டிச்சு."

"எங்க போச்சு?"

"உள்ளயே போய்டிச்சாம். டாக்டரே ஆச்சரியப்பட்டாரு."

வேம்புலி கரண்டியை வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மூன்று வாரம் முன்னால் பூண்டு உரித்துக்கொண்டே பார்த்த அதே பார்வை.

"வேற ஒண்ணும் சொல்லணுமா?"

ஜெகதீசனின் உதடு அசைந்தது. வார்த்தை பல் வரைக்கும் வந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"ஒண்ணுமில்ல."

"நல்லதா போச்சு அப்ப" என்றாள். "எல்லாருக்கும் நீயே ஒரு வார்த்த சொல்லிடு. லீவு போட்டவன், வேன் புடிச்சவங்க எல்லாம் பாவம்."

ஜெகதீசன் மாடிப்படியில் உட்கார்ந்து முதலில் தேவாவுக்குப் போன் போட்டார்.

"மச்சான், நீ லீவ கேன்சல் பண்ணிடு. ஹெர்னியா ஆப்ரேசன் இல்ல."

"யாருக்கு மாமா ஹெர்னியா?"

"எனக்குத்தான்டா. அக்கா சொல்லல?"

"அக்கா பேசியே ஒரு மாசம் ஆவுது மாமா. எனக்கு ஏது லீவு? எங்க மேனேஜர் தீபாவளிக்கே குடுக்க மாட்டான். அத வுடு, உனக்கு எந்தப் பக்கம்?"

அவர் போனை வைத்தார். அத்தைக்குப் போட்டார். அத்தையின் குரல் எப்போதும் போல் பாத்திரக் கடையில் அலமாரி சரிந்த மாதிரி கேட்டது. ஆப்ரேசனா, எனக்கு ஏன்டா சொல்லல, பெத்தவன் இல்லன்னா அத்தையும் இல்லாம பூட்டாளா, என்று ஒப்பாரிக்கே போய்விட்டாள். ஆப்ரேசன் இல்லை அத்தை என்று அவர் ஆறு தடவை சொன்னார். இல்லாத ஆப்ரேசனைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

ஜெகதீசன் செருப்பைக்கூட மாட்டாமல் தெருமுனைக்கு ஓடினார்.

"பச்சை, உனக்கு ஹெர்னியா ஆப்ரேசன் ஆச்சில்ல?"

பச்சையப்பன் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிய கை தூக்கியபடியே நின்றான். "எனக்கா? எப்ப அண்ணாத்தே? பொறந்ததுலேர்ந்து நான் ஊசியே போட்டுகினது இல்ல."

மூன்று சாம்பிள் எடுத்து மூன்றும் கோணல் என்றால் மொத்தச் சரக்கும் கோணல். இது இருபத்தேழு வருஷப் பாடம். தேவாவிடம் யாரும் பேசவில்லை. அத்தைக்கு யாரும் சொல்லவில்லை. பச்சையப்பனுக்குத் தையலே இல்லை. அப்படியென்றால் அந்தக் குங்குமம்கூட வீட்டுச் சிமிழில் இருந்ததுதானா? இத்தனை பேரையும் ஒருத்தி ஒற்றை வாயால் உண்டாக்கியிருக்கிறாள் என்றால், அவளுக்கு என்ன தெரியும், எப்போதிலிருந்து தெரியும்? வெறுங்காலில் திரும்பி நடக்கும்போது ஜெகதீசனுக்குத் தார் ரோட்டின் சூடு உறைக்கவே இல்லை.

வேம்புலி ஹாலில் அவருடைய பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தினி நாளா தெரியும்?" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"ஆக்னஸ்னு ஒரு பொண்ணு பேசிச்சு. நீ ஹெர்னியான்னு வந்து நின்ன பாரு, அன்னிக்கு காலைல."

"எல்லாம் சொல்லிடிச்சா?"

"எட்டும் சொல்லிடிச்சு."

ஜெகதீசன் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "அப்புறம் ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். கேட்டுகினேதான் இருந்தேன், நீ எங்க சொன்ன?" வேம்புலி பாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு வருசமா இந்தப் பாய சுருட்டறேன்யா. நான்தான் உனக்கு வேணாதவளா பூட்டேன், இல்லாட்டி வேற எவளோ கீறான்னு நெனச்சிகினு சுருட்டினேன். சக்கரதான்னு ஒரு வார்த்த சொல்லி இருந்தா நிம்மதியா தூங்கி இருப்பேன்."

ஜெகதீசன் முகத்தை உள்ளங்கையில் புதைத்துக்கொண்டார். வேம்புலி பாயை மூலையில் நிறுத்தாமல் படுக்கையறைக்குள் கொண்டுபோய்ப் பரண் மேல் எறிந்துவிட்டு வந்தாள்.

"மாத்திரலேர்ந்து ஆரம்பிக்கலாம்னு டாக்டரு சொன்னாராம், ஆக்னஸ் சொல்லிச்சு. எல்லாம் பாத்துட்டு, அப்புறமும் ஆப்ரேசன்தான்னா செஞ்சிக்கலாம், நானே கையெழுத்து போடறேன். ஆனா தனியா போய் படுத்துக்கற வேலையெல்லாம் வெச்சிக்காத" என்றாள். "வியாழக்கெழம பதினோரு மணிக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்லிகீறாரு."

ஜெகதீசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

"வரும்போது அந்த ஹெர்னியாவ மட்டும் ஊட்லயே வுட்டுட்டு வா. எந்தப் பக்கம்னு அதுக்கே தெரியல."